ஆழம் குறைந்த தீவு

ஜனவரி 2, வெள்ளி

காலையில் குளியலறை அண்டாவுக்குள் தலையை விட்டு மூச்சடக்கிக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று எண்ணுவதற்குள் துளசிமணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். தாழ்ப்பாள் போடாதது என் தப்பு. ஐம்பத்தைந்து வயது ஆள், இடுப்பில் ஈரத்துண்டு, தலை அண்டாவுக்குள்.

"ஏனுங்க, என்னத்த உள்ள போட்டுட்டீங்க?"

"சோப்பு" என்றேன்.

சோப்பு என் கையிலேயே இருந்தது. அவள் சோப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் கேட்காமல் விட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று.

காரணம் இதுதான். நேற்று பெங்களூரிலிருந்து மகள் தாரணி கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் வேலை, இருபத்தாறு வயது, ஒரே பிள்ளை. புத்தாண்டு வாழ்த்து சொல்லி முடித்த கையோடு, "அப்பா, பிப்ரவரில நாம மூணு பேரும் ஒரு தீவுக்குப் போறோம். கடலுக்கு அடியில முங்கி மீனெல்லாம் பாக்கறோம். எந்தத் தீவுன்னு நீங்கதான் சொல்லோணும். தண்ணி விசயத்துல நம்மூட்ல நீங்கதான எக்ஸ்பர்ட்டு?" என்றாள்.

சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே நன்றாகத்தான் கேட்டது.

எனக்கு நீச்சல் தெரியாது. இதை இந்த டைரியில் மட்டும் எழுதிவைக்கிறேன். நான் வேலை பார்க்கும் லாரி எடைமேடைக்கு ஒரு மோட்டார் கம்பெனிக்காரர் கொடுத்துப்போன டைரி. பிளஸ் டூவில் கோட்டைவிட்ட பிறகு நான் தொடர்ந்து எழுதியது லாரிகளுக்கு எடைச்சீட்டு மட்டும்தான். ஆகவே எழுத்து முன்னே பின்னே இருக்கும்.

தாரணி ஐந்து வயதில் என் மாமனார் தோட்டத்துக் கிணற்றில் விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவன் நான். இது ஊருக்கே தெரிந்த கதை.

ஜனவரி 4, ஞாயிறு

தாரணி போனில் மூன்று தீவு அனுப்பியிருக்கிறாள். அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு. மூன்றிலும் தண்ணீர் ஒரே நிறம். துளசியின் கல்யாணப் புடவைக்குப் பிறகு அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. மாலத்தீவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும், என்னிடம் இல்லை. இதை எழுதும்போது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது! மீதி இரண்டு.

பொள்ளாச்சியில் ஒரு டிராவல்ஸுக்குப் போனேன். கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண்.

"ஆழம் கம்மியா இருக்கற தீவு எதுங்க?" என்று கேட்டேன்.

"சார், தீவுன்னா தரைங்க சார். ஆழமே இருக்காது."

பின்னால் காத்திருந்த இருவர் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, லட்சத்தீவு நோட்டீஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே தீவைச் சுற்றிப் பல இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதானாம். யார் இடுப்பு என்று போடவில்லை.

ஜனவரி 5, திங்கள்

அண்டாவில் முப்பத்தொன்று வரை. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 8, வியாழன்

தாரணியோடு பேசியபோது, "சாமி, மலைப்பக்கமா எங்கயாச்சும் போலாமே? வால்பாறை நம்ம பக்கத்துலயே இருக்குது. குளுகுளுன்னு இருக்கும்" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். "அப்பா, நான் சொன்னதே இல்லீங். எங்க அபார்ட்மெண்ட்ல நீச்சக்குளம் இருக்குது. மூணு வருசமா அதுல காலு வெச்சதில்ல. தலைக்குத் தண்ணி ஊத்தறப்ப இன்னும் கண்ண மூட முடியல. மூடுனா கெணறு வந்துருது."

"ஐயோ, ஏங்கண்ணு சொல்லாம இருந்தே?"

"மனசுக்கு ஆலோசனை சொல்ற ஒரு கவுன்சிலர் மேடத்துகிட்டப் போயிட்டிருக்கேன். தண்ணிக்குள்ள உனக்குப் பயம் போன நிமிசம் எதும்மான்னு கேட்டாங்க. எங்கப்பா கை வந்து என்னப் புடிச்ச நிமிசம்னு சொன்னேன். அப்ப அந்தக் கையப் புடிச்சுட்டே திரும்ப ஒருக்கா எறங்கிப் பாருன்னாங்க. அதுக்குத்தானுங்ப்பா தீவு."

போன வாரம் வரை இது சுற்றுலாவாக இருந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

ஒரு பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். பட்டாபட்டி டிராயரோடு இறங்கக் கூடாதாம். கோச் ஒரு நீல ஜட்டியை இரவல் கொடுத்தார். அது என்னைவிட ஒல்லியான ஒரு ஆளுக்காகத் தைத்தது. தொப்பையை உள்ளே இழுத்தபடி, நெஞ்சளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று மீன் மாதிரி போய்ப்போய் வந்தது.

"தாத்தா, கம்பிய விட்டாத்தான் நீந்த முடியும்."

"தெரியும் சாமி. அதான் விடாம இருக்கறேன்."

ஒரு மணி நேரம் கம்பியை நன்றாகப் பிடித்துக் கற்றுக்கொண்டேன்.

ஜனவரி 16, வெள்ளி. பட்டிப் பொங்கல்

மாமனார் போய் ஆறு வருஷமாகிறது. தோட்டம் இப்போது மச்சினன் பொன்னுசாமி பொறுப்பில். பொங்கலுக்கு வந்த தாரணியைக் கூட்டிக்கொண்டு மூவரும் போனோம். மாடுகளுக்குப் பொங்கல் ஊட்டி முடிந்ததும் பொன்னுசாமி வழக்கம்போல ஆரம்பித்தான்.

"எங்க மாமா இருக்கறாரே, கெணத்து மேட்டுல நின்னாரு பாரு, வேட்டிய மடிச்சுக் கட்டுனாரு, அப்படியே தலகீழா ஒரே பாய்ச்சல்!"

ஐந்து வருஷத்துக்கு முன் இவன் கதையில் நான் படியிலிருந்து இறங்கினேன். போன வருஷம் மேட்டிலிருந்து குதித்தேன். இந்த வருஷம் தலைகீழாகப் பாய்ந்திருக்கிறேன். அடுத்த பொங்கலுக்குள் பறவைபோல வந்து இறங்குவேன் என்று நினைக்கிறேன். "அட விடு மாப்ள" என்றேன். அப்படிச் சொன்னால் அடக்கமான ஆள் என்கிறார்கள். அதுவும் எனக்குத் தெரிந்துதான் சொல்கிறேன்.

தாரணி கிணற்றுப் பக்கம் வரவில்லை. பத்தடி தள்ளி நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்துவிட்டது.

ஜனவரி 17, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் தாரணி எனக்கு எடைமேடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அந்த நேரம் பார்த்துத் தேங்காய் லோடு ஒன்று ஏறி நின்றது. சீட்டு வாங்க இறங்கி வந்தவன் நஞ்சான். பெயர் நஞ்சப்பன்; எங்கள் ஆட்கள் வாயில் நஞ்சான். லோடு ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. முன்பு மாமனார் தோட்டத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவன். வாரத்தில் இரண்டு நாள் இங்கே வருவான். எடை சொல்வேன், சீட்டு கொடுப்பேன், போவான். வேறு பேச்சு கிடையாது.

தாரணிக்கு அவன் முகம் எப்படியோ நினைவிருந்தது.

"ஏனுங்கண்ணா, நீங்க எங்க அப்புச்சி தோட்டத்துல இருந்தீங்கல்ல?"

எங்கள் வீட்டு ஆட்களில் அவனை அண்ணா என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். அவன் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். "ஆமாங்க அம்மணி."

"நான் கெணத்துல உளுந்தன்னைக்கு இருந்தீங்களா?"

நான் சோற்றுப் போசியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அது திறந்துதான் இருந்தது.

"இருந்தேனுங்க."

"அப்பா குதிச்சதப் பாத்தீங்களா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. எடைச்சீட்டைப் பார்த்தான். "பாத்தேனுங்க. மொத முங்குல நீங்க கையில சிக்கல. தண்ணி கலங்கிக் கெடந்துச்சு. ரெண்டாந்தடவ முங்குனப்பத்தான் பாவாட சிக்குச்சுங்க. பச்சப் பாவாட."

"பச்சையா? அப்பா எப்பவும் செவப்புன்னுதான சொல்லுவாரு!"

"அந்நேரத்துல பெத்தவருக்கு நெறமெல்லாம் எங்கீங்க அம்மணி தெரியும்" என்றான். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டான்.

தாரணி என் தோளில் சாய்ந்துகொண்டாள். "ரெண்டு தடவ முங்குனீங்களா? ஏம்ப்பா சொல்லவே இல்ல?"

போசியை அப்படியே மூடிவைத்தேன்.

அவளும் அம்மாவும் கடைக்குப் போயிருக்கிறார்கள். வீட்டில் யாருமில்லை. எழுதிவிடுகிறேன்.

அது மாரியம்மன் நோம்பி நாள். வீடு நிறைய ஒறம்பரை, சொந்தக்காரக் கூட்டம். கிணற்றுக்குள் புறாக்கூடு காட்டுகிறேன் என்று பிள்ளையைக் கூட்டிப்போனவன் நான்தான். பீடி பற்றவைக்க ஒரு கணம் கையை விட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பினால் பிள்ளை இல்லை. படியில் ஓடினேன். நாலாவது படி வரை ஓடினேன். அதற்கு மேல் கால் வரவில்லை. கத்தினேன். தேங்காய்க் குவியலிலிருந்து நஞ்சான் ஓடி வந்தான். படி ஒரு ஆள் அகலம்தான். என்னை உரசிக்கொண்டு கீழே போனான். அதற்கு முன் அவன் என்னை உரசிப் போனதே இல்லை. குதித்தான்.

பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தான். தலைகீழாகப் பிடித்துத் தட்டச் சொன்னதும் அவன்தான். அவள் தண்ணீரைக் கக்கி அழுதாள். மேலே ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டதும், அவன் நீந்தி எதிர்ப்பக்கம் மோட்டார் திட்டுக்கு அடியில் போய் நின்றுகொண்டான்.

ஏனென்றால் அந்தக் கிணற்றில் அவர்கள் இறங்கக் கூடாது. அதற்கு முந்தின வருஷம் அவர்கள் தெருப் பையன்கள் நாலு பேர் வெயிலுக்குக் குளித்துவிட்டார்கள். என் மாமனார் வகையறா இரண்டு நாள் மோட்டார் ஓட்டிக் கிணற்றை வற்ற இறைத்தார்கள். பையன்களைக் கோயில் முன்னால் விழவைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன்.

ஆட்கள் வந்து பார்த்தபோது கையில் பிள்ளையோடு நான் நின்றேன். மாமனார் என்னைக் கட்டிக்கொண்டார். அவர் என்னைக் கட்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நஞ்சானுக்குத்தான் வம்பு வரும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் இருபத்தொரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் காபி குடித்துக் கலையும் வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல், அவன் திட்டுக்கு அடியில் ஈரத்தோடு நின்றிருக்கிறான். மறுநாள் நோம்பிப் பலகாரத்தை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டுபோய் ரோட்டிலேயே வைத்துக் கொடுத்தேன். "நீங்க குதிச்சதாவே இருக்கட்டுங்க. எனக்கும் அதான் நல்லது" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மாமனார் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் எனக்கே அந்தக் கதை பிடித்துப்போயிருந்தது. இதே எடைமேடையில் ஒருமுறை லாரிக்காரர்களிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பினால் நஞ்சான் சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தான். நிறுத்தினேனா? இல்லை. முடித்துவிட்டுத்தான் சீட்டைக் கொடுத்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

தாரணியைப் பஸ் ஏற்றிவிட்டோம். வீட்டுக்கு வந்து துளசி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் பார்த்தேன். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அன்னிக்கு உங்க தல தொவட்டத் துண்டு எடுத்துட்டு வந்தேனுங்க."

"என்னைக்கு?"

"புள்ள உளுந்தன்னைக்கு. வேட்டியெல்லாம் ஈரம். தல மட்டும் காஞ்சு கெடந்துச்சு."

கீரைக்காம்பை ஒடித்து ஒதுக்கினாள். "அத்தன பேரு பாத்துட்டு நின்னாங்க. அதனால தொவட்டுனேன்."

குக்கர் விசில் வந்தது. இரண்டாவது விசிலுக்கு எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன். தீபாவளிக்குத் தீபாவளி நஞ்சான் வீட்டுக்கு இவள் முறுக்கும் துணிமணியும் கொடுத்தனுப்புவாள். தாராளக்கை என்று நான் கேலி பேசியிருக்கிறேன்.

ஜனவரி 22, வியாழன்

நஞ்சான் லோடோடு வந்தான். டிரைவர் டீ குடிக்கப் போனதும் கேட்டேன்.

"நஞ்சா, எதுக்கு அப்படிச் சொன்னே?"

"வேறென்னங்க சொல்லட்டும்?"

"உள்ளதச் சொல்லியிருக்கலாமில்ல?"

"அதச் சொல்ற ஆளு நானுங்களா?" கோபமில்லாமல்தான் கேட்டான். "அம்மணி உங்களப் பாத்த பார்வையப் பாத்தேன். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க. நீங்க சொல்றதுன்னாச் சொல்லுங்க. என் வாயால வராதுங்க. சீட்டக் குடுங்க, லோடு நிக்குது."

சீட்டில் வண்டி நம்பரைத் தப்பாக அடித்துவிட்டேன். திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தீவு முடிவாகிவிட்டது. லட்சத்தீவுக்கு அனுமதிக் கடிதம் வர நாளாகுமாம். ஆகவே அந்தமானில் ஹேவ்லாக். ஆழம் எவ்வளவு என்று இந்தமுறை கேட்கவில்லை. அங்கே தமிழ் பேசுகிற ஆட்கள் நிறைய என்று தாரணியிடம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு: அங்கே வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஊரில் வைத்துச் சொன்னால் பொன்னுசாமி இருக்கிறான், கிணறு இருக்கிறது, எடைமேடை இருக்கிறது. அங்கே கடல்தான் இருக்கும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கம்பியை விட்டேன். ஒன்பது நொடி. ஏழு வயதுக்காரி கைதட்டினாள்.

பிப்ரவரி 21, சனி. ஹேவ்லாக்

விமானத்தில் துளசி என் கையைப் பிடித்துக்கொண்டாள், கப்பலில் நான் அவள் கையை. மதியம் வந்து சேர்ந்தோம். கடற்கரை மணல் கோலமாவு மாதிரி இருக்கிறது. நாளை காலை முங்குகிறோம். சாயங்காலமே சொல்லிவிடலாம் என்று இருமுறை வாயெடுத்தேன். முதல்முறை தாரணி இளநீர் வாங்கப் போய்விட்டாள். இரண்டாம் முறை அவள் எங்கேயும் போகவில்லை. நான்தான் கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

டைவிங் மாஸ்டர் பெயர் அருளப்பன். தாத்தா காலத்திலேயே ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பம். காலையில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். நெஞ்சுவலி உண்டா, இழுப்பு உண்டா. ஐந்தாவது கேள்வி, நீந்தத் தெரியுமா. தெரியாவிட்டாலும் பரவாயில்லை, மாஸ்டர் கூடவே பிடித்துக்கொள்வாராம்.

சொல்ல வேண்டியதில் சுலபமான பாதியிலிருந்து ஆரம்பிப்போம் என்று, 'தெரியாது' கட்டத்தில் டிக் போட்டேன். பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது.

தாரணி எட்டிப் பார்த்தாள். "அப்பா, மாத்திப் போட்டுட்டீங்க."

"மாத்திப் போடல கண்ணு. எனக்கு நீச்சல் தெரியாது."

"வெளையாடாதீங்ப்பா."

"நெசமாத்தான். எப்பவுமே தெரியாது."

"அப்ப... நான் உளுந்தப்ப?"

"அப்பவும் தெரியாது."

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ, அடுத்தது அவளே கேட்டுவிடுவாள், நான் தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்று இருந்தேன். அவள் கண் மெல்ல மெல்லப் பெரிதானது.

"நீச்சலே தெரியாமயா எனக்காகக் குதிச்சீங்க?"

மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு அழுகை. நடுவில் சிரிப்பு வேறு. "அம்மா, உங்களுக்குத் தெரியுமா? நீச்சல் தெரியாத மனுசன் ரெண்டு தடவ முங்கியிருக்கறாரும்மா!"

துளசி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அப்படி இல்லை கண்ணு என்று ஆரம்பிக்க உதட்டை நனைத்தேன். "சார், போட்டு ரெடி!" என்று அருளப்பன் கூப்பிட்டார். மனிதர்களில் நான் இவ்வளவு நன்றி சொல்ல நினைத்த ஆள் வேறு கிடையாது. எழுந்துவிட்டேன்.

தண்ணீருக்குள் பேச முடியாது. வாயில் குழாய். அருளப்பன் என் முதுகு உருளையைக் கடைசிவரை பூனைக்குட்டியைத் தூக்குவதுபோலப் பிடித்திருந்தார். தாரணிக்கு வேறொரு மாஸ்டர். ஆனால் அவள் கை என் கையில். முதலில் நகம் பதிந்தது. கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். ஒரு கொத்து மஞ்சள் மீன் எங்கள் நடுவில் புகுந்து போனது. என்ன தோன்றியதோ, கண்ணைத் திறந்தாள். பிறகு வேண்டுமென்றே மூடினாள். திறந்தாள். மறுபடியும் மூடிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவள் சிரிப்பது தெரிந்தது. நகம் அழுத்துவது நின்றது. கொஞ்ச நேரத்தில் கையையும் விட்டுவிட்டாள். தனியாகவே போனாள்.

படகுக்குத் திரும்பியதும் துண்டைப் போர்த்திக்கொண்டு அருளப்பனிடம் கதை சொன்னாள். பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த புதுமாப்பிள்ளையும் பொண்ணும். கிணறு, பச்சைப் பாவாடை, இரண்டு முங்கு, நீச்சல் தெரியாத அப்பா. பொன்னுசாமியைவிட நன்றாகச் சொல்கிறாள். மதுரைப் பையன் எழுந்து வந்து, "சார், கையக் குடுங்க சார்" என்று பிடித்துக் குலுக்கினான். கொடுத்தேன்.

துளசி என் பின்னால் வந்து நின்றாள். என் தலையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டு அவள் கையிலேயே இருந்தது. என்னிடம் நீட்டினாள். "நீங்களே தொவட்டிக்கோங்க."

தாரணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, குதிக்கறப்ப என்ன நெனச்சீங்க?"

"ஒண்ணும் நெனைக்கல கண்ணு. டீ ஆறுது பாரு, குடி."

குடித்தாள். என் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். படகு கரைக்கு வந்து சேர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் என் வாய்க்குள்ளேயே கிடந்த வார்த்தைகளை எழுதிவைக்கிறேன்:

கண்ணு, நான் குதிக்கல. நாலாவது படியில நின்னு கத்திட்டு இருந்தேன். ரெண்டு தடவ முங்கி உன்ன எடுத்தவரு நஞ்சப்பன்.